தொடுதிரைக்கு எது தட்டல், எது தள்ளல்?

நான்காம் வகுப்பில், பெரிய தொடுதிரையில் பெருக்கல் விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தேன். மூளை முடக்குவாதத்தால் கை நடுங்கும் மாணவன் ஒருவன் தன் முறைக்கு எழுந்து வந்தான். 56 என்ற விடையின்மேல் சரியாகத்தான் விரலை வைத்தான். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டான், அப்போதும் இல்லை. மூன்றாம் முறை பக்கமே நகர்ந்து ஓடியது. வகுப்பு சிரித்தது. "நல்லா அழுத்தித் தொடுப்பா" என்றேன். விடை தெரிந்தும் தவறியவனாக அவன் இடத்துக்குத் திரும்பினான்.

நான் சொன்ன அறிவுரைதான் தவறு என்பது பிறகுதான் புரிந்தது.

வகுப்பறைப் பெரிய திரைகள் பலவற்றில் அழுத்தத்துக்கு வேலையே இல்லை. திரையின் சட்டத்துக்குள் அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் எந்தக் கதிர்களை மறைக்கிறதோ அதுவே தொட்ட இடம். சட்டைக்கை மறைத்தாலும் அதற்கு விரல்தான். இது புதிய உத்தியும் அல்ல. 1972இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வந்த பிளேட்டோ 4 என்ற கற்பித்தல் கணினியில் 16×16 கதிர்க் கட்டம் இருந்தது. தொடுதிரை வகுப்பறைக்கு வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது! நம் கைப்பேசியும் கைக்கணினியும் வேறு வகை. அவற்றின் கண்ணாடிக்கு அடியில் உள்ள மின்புலத்தை விரல் மாற்றுகிறது. நகத்தால் தொட்டால் அவை கண்டுகொள்ளாததற்கு அதுவே காரணம்.

எந்த வகையானாலும், திரைக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். விரல் எங்கே பட்டது, எங்கே நகர்ந்தது, எப்போது எடுக்கப்பட்டது, அவ்வளவுதான். அது தட்டலா, தள்ளலா, நீண்ட அழுத்தமா என்று தீர்ப்புச் சொல்வது கருவிக்குள் பதிந்திருக்கும் இயங்குதளமும் செயலியும். நம் திரைகள் பலவற்றில் அந்த இயங்குதளம் ஆண்ட்ராய்டு. அதன் அளவுகோல்கள் கறாரானவை. 8 'டிபி' தூரத்துக்குமேல் விரல் நகர்ந்தால் அது தள்ளலாகக் கருதப்படலாம். ஒரு டிபி என்பது ஏறத்தாழ அங்குலத்தில் 160இல் ஒரு பங்கு. அதாவது கைக்கணினியில் ஒன்றேகால் மில்லிமீட்டர்; பெரிய திரையில் கூடினாலும் சில மில்லிமீட்டர்தான். விரல் ஏறத்தாழ அரை நொடி அசையாமல் இருந்தால் நீண்ட அழுத்தம். 300 மில்லிநொடிக்குள் மறுபடி தொட்டால் இரட்டைத் தட்டல்.

அந்த மாணவனின் விரல் அந்தச் சில மில்லிமீட்டரைத் தாண்டியது. முதல் இரு முறை தட்டல் கைவிடப்பட்டது. மூன்றாம் முறை அது தள்ளலாகிவிட்டது. அழுத்தச் சொன்னதால் கை இன்னும் இறுகி நடுக்கம் கூடியிருக்கும்.

இரு விரல்களை விரித்துப் படத்தைப் பெரிதாக்கும்போது, இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை இயங்குதளம் அளக்கிறது. எழுதும்போது உள்ளங்கை திரையில் பட்டால் படம் ஏன் பெரிதாகிறது என்பதற்கும் விடை இதுவே. கணித ஆசிரியர்களுக்கு இதில் நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. இரு விரல்கள் இரண்டு கிடைக்கதிர்களையும் இரண்டு செங்குத்துக்கதிர்களையும் மறைத்தால், வெட்டும் புள்ளிகள் நான்கு. அவற்றில் உண்மையான இரண்டு எவை? ஆயத்தொலைகளைக் கரும்பலகையில் வரைந்து மாணவர்களையே கேட்டுப் பாருங்கள். சாய்வான கதிர்களையும் சேர்த்தால் போலிப் புள்ளிகளை நீக்கலாம் என்பதை யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.

அடுத்த வாரம் விடைப் பெட்டிகளை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி, முழுப் பாடமும் ஒரே திரையில் அடங்கி நகராதபடி அமைத்தேன். நகர்த்த எதுவும் இல்லாத பக்கத்தில், பெட்டிக்குள்ளேயே விரலை எடுத்தால் சிறு நடுக்கத்தை அந்தச் செயலி பொறுத்துக்கொண்டது. எல்லாச் செயலிகளும் அப்படியல்ல. விரலைக் கொஞ்சம் வேண்டுமென்றே நடுங்கவிட்டு முந்தின நாளே சோதித்துக்கொள்வது நல்லது. அன்று 9×6 கேட்டேன். அவன் 54இன்மேல் கையை வைத்து எடுத்தான். பெட்டி பச்சையானது.

விரலை மெதுவாக எடுக்கும் பிள்ளைகளுக்கு, ஆண்ட்ராய்டின் அணுகல்தன்மை அமைப்புகளில் நீண்ட அழுத்தத்துக்கான நேரத்தைக் கூட்டலாம். ஐபேடில், விரல் முதலில் பட்ட இடத்தையே தொடுதலாக எடுத்துக்கொள்ளச் செய்யவும் வழி உண்டு. ஆண்ட்ராய்டின் அணுகல்தன்மை அமைப்புகளில் உள்ள டாக்பேக் பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குப் பெரிய துணை. அது இயங்கும்போது ஒரு முறை தொட்டால் பெயரை வாசிக்கும், இரு முறை தட்டினால்தான் திறக்கும். தெரியாமல் அது இயங்கிவிட்டால் திரை பழுதாகிவிட்டதென்று நினைத்துவிடுவோம்.

யாரும் தொடாமலேயே திரை தானாக வேலை செய்தால், முதலில் சட்டத்தின் உள்விளிம்பைப் பாருங்கள். சுண்ணாம்புத் தூள் படிந்து கதிரை மறைத்திருக்கும். திரையை அணைத்துவிட்டு, உலர்ந்த மெல்லிய துணியால் நான்கு பக்கமும் துடைத்தால் போதும்.