ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் நடுக்கம், சத்தம்: கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

அமாவாசை நள்ளிரவு. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் ஊஞ்சல் உற்சவம் முடிந்து கூட்டம் கலைகிறது. மாலையில் ஒரு மழை பெய்திருந்தால் போதும், வண்டியை நிறுத்திய மண் தரை களிமண் சேறாகிவிடும். மற்ற கார்கள் சக்கரம் சுழன்று நிற்க, தார் வைத்திருப்பவர் மட்டும் லீவரை '4எச்'சில் போட்டு அலட்டிக்கொள்ளாமல் வெளியே வந்துவிடுவார்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். செஞ்சி சுமார் 20 கி.மீ. காய்ந்த சாலை. திருப்பத்தில் ஸ்டீயரிங் கனக்கிறது. அடியில் 'டக் டக்' என்று ஏதோ இழுத்துப் பிடிக்கிறது. 70-ஐத் தொட்டதும் வண்டி முழுக்க நடுங்குகிறது. "கியர் பாக்ஸ் போயிடுச்சு போல" என்று வீடு வரை வயிற்றில் புளி கரைகிறது.

பெரும்பாலும் ஒன்றும் போயிருக்காது. லீவரை திரும்ப '2எச்'சுக்குக் கொண்டுவர மறந்திருப்பார். ரிம்முக்கு உள்பக்கம் ஒரு கை சேறு அப்பியிருக்கும். இரண்டுக்கும் மெக்கானிக் தேவையில்லை. ஆனால் இதே நடுக்கம் வேறு சில நேரத்தில் உயிருக்கே ஆபத்தான கோளாறின் முதல் அறிகுறியாகவும் இருக்கும். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

4எச்-ல் என்ன நடக்கிறது?

தார், ஜிம்னி, பழைய ஜிப்ஸி ஆகியவற்றில் இருப்பது 'பார்ட் டைம்' ஃபோர் வீல் டிரைவ். 4எச் போட்டதும், இன்ஜின் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். ஆனால் வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன. சேற்றிலும் மணலிலும் டயர் கொஞ்சம் வழுக்கி இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க வழியில்லை. ஷாஃப்ட், கியர் எல்லாம் முறுக்கேறி நிற்கும். அந்த முறுக்கு விடுபடும் சத்தம்தான் 'டக்'. லீவர் 2எச்சுக்கு வர மறுத்தால் காரணமும் இதுவே. நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் இறுக்கம் விட்டுவிடும்.

நான்கு டயரும் ஒரே அளவில் தேயாமல், இரண்டு புதுசு இரண்டு பழசு என்று இருந்தாலும் 4எச்-ல் இதே தொல்லை வரும். நேர் சாலையிலேயே வரும்.

முதல் கேள்வி: சத்தம் 'எப்போ' வருது?

சேற்றைக் கழுவியாச்சு, 2எச்-ல்தான் ஓடுது, ஆனாலும் நடுக்கம் நிற்கவில்லை. இப்போது பலரும் செய்யும் தவறு, பாகத்தை ஊகிப்பது. முதலில் வீல் பேலன்சிங், அப்புறம் டயர், அப்புறம் கிளட்ச் என்று காசு கரையும். அதற்கு முன் நேரத்தைக் கவனிக்க வேண்டும்.

நடுக்கம் 80-ல் வருகிறதா? காலியான நேர் சாலையில் அதே 80-ஐ வேறு கியரில் ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் மாறினால் சந்தேகம் இன்ஜின், கிளட்ச், மவுன்ட் பக்கம் போகிறது. மாறாமல் அப்படியே இருந்தால், கியர் பாக்ஸுக்குப் பின்னால் சுற்றும் ஏதோ ஒன்று: ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், ஹப், சக்கரம். பாதி வண்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று, ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல்.

அடுத்து சக்கரமா, ஷாஃப்டா? தாரின் 18 அங்குல ரிம்மில் வரும் 255/65 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.5 மீட்டர் ஓடும். 80 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 9 சுற்று. டிஃபரன்ஷியல் விகிதம் 4 என்று வைத்துக்கொண்டால், அதே நேரத்தில் புரொப்பல்லர் ஷாஃப்ட் 36 முறை சுற்றுகிறது. அதனால் சக்கரக் கோளாறு, எண்ணிவிடலாம் போன்ற ஆட்டமாக ஸ்டீயரிங்கிலோ சீட்டிலோ தெரியும். ஷாஃப்ட் கோளாறு, பாதத்தில் கூசும் 'விர்ர்' அதிர்வாக வரும். நம்பிக்கை வரவில்லையா? போனில் இலவசமாகக் கிடைக்கும் அதிர்வு அளக்கும் ஆப் விநாடிக்கு எத்தனை அதிர்வு என்று காட்டிவிடும். போனைத் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டியது பக்கத்தில் இருப்பவர், ஓட்டுபவர் அல்ல.

சத்தத்துக்கும் இதே விசாரணைதான். சிமென்ட் சாலையிலிருந்து தார்ச்சாலைக்கு மாறியதும் சத்தமும் மாறுகிறதா? அது டயர், பெரிய கட்டை வைத்த ஆஃப் ரோடு டயர் என்றால் ஊளையிடத்தான் செய்யும். நீண்ட இடது வளைவில் உறுமல் கூடுகிறதா? எடை வலப்பக்கம் சாய்கிறது, வலது வீல் பேரிங்கைப் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் 'கடக் கடக்' என்றால் முன் ஆக்ஸிலின் சிவி ஜாயின்ட். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஊளை, விட்டால் மௌனம் (அல்லது நேர்மாறு) என்றால் மெக்கானிக்குகள் 'கிரவுன்' என்று சொல்லும் டிஃபரன்ஷியலின் பல் சக்கரங்கள்.

கிராஸ் எனும் சின்ன உருப்படி

வண்டி கிளம்பும்போது 'டங்', மெதுவாகப் போகும்போது தாளம் தப்பாமல் 'கீச் கீச்'. இது பெரும்பாலும் யூனிவர்சல் ஜாயின்ட். ஒர்க் ஷாப்பில் 'கிராஸ்' என்றால்தான் புரியும். ஷாஃப்ட் வளைந்த கோணத்திலும் சுற்ற வழி செய்யும் சிலுவை வடிவ இரும்பு இது. 17-ம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த அதே ஜாயின்ட், இன்னமும் நம் வண்டிக்கடியில் சுற்றுகிறது.

இதற்கு ஒரு குணம் உண்டு. கோணத்தில் சுற்றும்போது சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். 10 டிகிரியில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் கூடும், அதே அளவு குறையும். 20 டிகிரியில் அது 6 சதவீதம். ஷாஃப்டின் மறுமுனையில் இன்னொரு கிராஸை அதே கோணத்தில் வைத்து இந்தத் தள்ளாட்டத்தை அடித்துவிடுகிறார்கள். இரண்டு கோணமும் சமமாக இருக்கும்வரை எல்லாம் சுகம்.

இங்கேதான் லிஃப்ட் கிட் வில்லனாகிறது. வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினால் கெத்துதான். ஆனால் கியர் பாக்ஸ் பக்கக் கோணமும் ஆக்ஸில் பக்கக் கோணமும் தனித்தனியாக மாறிவிடும். 'லிஃப்ட் போட்ட பிறகுதான் நடுக்கம்' என்று சொல்பவர் பேலன்சிங்குக்குக் கொடுக்கும் காசு வீண். வண்டி சமதளத்தில் நிற்கும்போது போனில் உள்ள கோண அளவு ஆப்பை வைத்தே இரு முனைக் கோணங்களையும் மெக்கானிக் ஒப்பிட்டுவிடலாம்; ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கேயே விசாரணையைத் தொடங்கலாம்.

1985-ல் வந்த ஜிப்ஸியில் கதை இன்னும் நீளம். அதில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக ரப்பர் மவுன்ட்களில் தொங்கும். முன்னுக்கொன்று, பின்னுக்கொன்று, இரண்டையும் இணைக்க ஒன்று என மூன்று ஷாஃப்ட். ரப்பர் இறங்கினால் மூன்றின் கோணமும் சேர்ந்து கெடும். பழைய ஜிப்ஸி வாங்கி ஆசையாகத் தயார் செய்பவர்கள், கிராஸை மாற்றும் முன் அந்த ரப்பரைப் பார்ப்பது நல்லது.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

சீட்டை உலுக்கும் நடுக்கம் திடீரென ஆரம்பித்தாலோ, அடியில் இரும்பு இரும்போடு மோதும் சத்தம் வந்தாலோ, "செஞ்சி போய் பார்த்துக்கலாம்" என்று ஓட்டக் கூடாது. கிராஸ் உடைந்து ஷாஃப்டின் முன்முனை கழன்றால் அது சாலையில் குத்தி நிற்கும். வண்டியையே தூக்கிப் போடும். வீல் பேரிங் முழுக்கப் போனால் சக்கரமே கழலும் வாய்ப்பு உண்டு.

சந்தேகத்துக்குரிய கிராஸைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் அசைத்துப் பார்ப்பார்கள். கிராஸில் ஆட்டம் இருக்கக் கூடாது. அதன் மூடியைச் சுற்றிக் குங்குமம் தூவியது போலத் துருப்பொடி இருந்தால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது என்று பொருள். ஷாஃப்டில் கல் பட்ட நசுங்கல் இருக்கிறதா, ஒட்டியிருந்த சின்ன எடைத் தகடு விழுந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

சில வண்டிகளில் 2எச்-ல் முன் ஷாஃப்ட் நின்றுவிடும்; சிலவற்றில் சக்கரத்தோடு சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். எனவே "2எச்-ல்தான் ஓட்டுறேன், முன்பக்கம் பிரச்னை இருக்காது" என்ற கணக்கு எல்லா வண்டிக்கும் பொருந்தாது.

கிளட்ச் வேலை முடிந்து வந்த மறுநாளே நடுக்கம் என்றால்? கிளட்சைத் தொட ஷாஃப்டைக் கழற்றியிருப்பார்கள். இரண்டு துண்டாக நுழைந்து நிற்கும் ஷாஃப்டில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இரு கிராஸும் ஒரே நேர்கோட்டில் நிற்காது, தள்ளாட்டம் முழுதாக அடிபடாது. கழற்றும் முன் இரு பக்கமும் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. "அண்ணே, ஷாஃப்ட்ல மார்க் பண்ணிட்டுக் கழட்டுங்க" என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடலாம்.