திரையிலே விழட்டும் தளம்!

கட்டடம் கட்டக் கற்றுக்கொள்ளும் மாணவனுக்குக் கணிப்பொறி எதற்கு, கரண்டி போதாதா என்று கேலி பேசுவோர் உண்டு. அந்தக் கூட்டத்தில் நாம் இல்லை.

வீட்டு முகப்பிலே நீட்டிக்கொண்டிருக்கிறதே பால்கனி, அதன் முக்கியக் கம்பி மேற்புறத்தில் இருக்கவேண்டும். தொங்க முயலும் தளத்தில் இழுபடுவது மேற்பக்கம். இருபுறமும் சுவர் தாங்கும் தளத்திலோ, நடுவிலே இழுபடுவது அடிப்பக்கம். அங்கே கம்பி கீழே. கரும்பலகையில் எழுதிப் போட்டால் மாணவன் படியெடுப்பான், மதிப்பெண்ணும் வாங்குவான். ஆனால் கான்கிரீட் கொட்டும் நாளில், ஆட்கள் மிதித்து மேற்கம்பி கீழிறங்குவதைக் கண்டு, 'நிறுத்து!' என்பானா?

கணிப்பொறிப் பாடத்தில் அந்தத் தவறை அவனே செய்யலாம். கம்பியைக் கீழே வைத்து, வெடிப்பு எங்கே தொடங்குகிறதென்று காணலாம். முட்டுக்கொடுத்த சவுக்குக் கம்பங்களை முன்னதாகவே பிடுங்கிப் பார்க்கலாம். 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளி கொண்ட தளத்துக்கு 14 நாள் முட்டு வேண்டும் என்று இந்தியத் தர விதி 456 ஏன் சொல்கிறது என்பது அப்போது விளங்கும். அங்கே விழுவது வெறும் படம். 2014 சூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் விழுந்தது 11 மாடிக் கட்டடம்! மாண்டவர் 61 பேர். கூலிக்கு உழைக்க வந்தவர்கள்!

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வரவேற்கிறோம். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம். தமிழில் பெயர்த்த எழுத்துப்படிகள் சிலவற்றுக்கு உண்டு. போதுமா? மாணவன் நாளை பேசப்போவது கொத்தனாரோடு! தூக்குக்குண்டும் ரசமட்டமும் அறியாமல் அவரை எப்படி வேலை வாங்குவான்? கட்டடப் பொறியியலை அண்ணா பல்கலைக்கழகம் 2010-இலேயே தமிழில் கற்பிக்கத் தொடங்கிவிட்டது. திரை மட்டும் ஏன் தயங்கவேண்டும்?

இன்னொரு கவலையும் உண்டு. 'கணிப்பொறியில்தான் காட்டிவிட்டோமே' என்று சொல்லி, கட்டுமான இடத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லும் செலவை மிச்சம்பிடிக்க நினைக்கும் நிர்வாகங்கள் இருக்கின்றன. கலவையில் தண்ணீர் மிகுந்ததைக் கை அறியவேண்டும். 15 சென்டிமீட்டர் கனச்சதுரங்களை வார்த்து, நீரிலிட்டு, 28-ஆம் நாள் நொறுக்கிப் பார்க்கவேண்டும். அதற்கு மாற்று எந்தப் பொறியிலும் இல்லை.

நாம் கேட்பது பெரிதல்ல. பாடம் தயாரிக்கும் குழுவிலே, பேராசிரியருக்குப் பக்கத்தில், கொத்தனாருக்கும் கம்பி கட்டும் தொழிலாளிக்கும் நாற்காலி போடுங்கள். அன்றைய கூலியையும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள்!