ஆண் பிள்ளை அழுதால் என்ன?

"ஆம்பளைப் பையன் அழலாமா?" என்ற கேள்வி எழாத வீடு எங்கள் ராயபுரத்தில் மட்டுமல்ல, திருப்பூர் முழுவதும் தேடினாலும் கிடைக்காது. அதிலும் பையன் கால்பந்து ஆடுகிறவன் என்றால் கேட்கவே வேண்டாம்! என் மூத்தவனுக்கு 13 வயது. ஆட்டத்தில் தோற்று முகம் வாடி வந்தால் போதும், "ஏஞ்சாமி, பொட்டப்புள்ளையாட்டம் மூக்கைச் சிந்தறே? பந்து ஆடறவன் கல்லாட்டம் இருக்க வேண்டாமா?" என்பார் என் மாமியார். அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவான்.

பந்தாட்டக்காரர்களின் மனசு நிஜமாகவே கல்தானா? வி.பி.சத்யனை நினைத்துப் பாருங்கள். கண்ணூர்க்காரர். கேரள போலீஸ் அணி 1990லும் 1991லும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றபோது அதில் ஆடியவர். இந்திய அணியின் கேப்டன். பின்னாளில் சென்னையில் இந்தியன் வங்கியில் வேலை பார்த்தார். எதிரணியின் பந்தை மலை போல் மறித்து நின்ற அந்த மனிதர், 2006 ஜூலை 18ஆம் தேதி சென்னையில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 41தான். மனச்சோர்வு அவரை உள்ளுக்குள் அரித்திருந்தது.

ஜெர்மனி கோல் கீப்பர் ராபர்ட் என்கேயின் கதையும் நெஞ்சைப் பிசைவதுதான். அவருடைய பெண் குழந்தை இதய நோயால் 2006ல், இரண்டே வயதில் இறந்துபோனது. மனச்சோர்வுக்கு அவர் ரகசியமாக வைத்தியம் பார்த்து வந்தார். வெளியே தெரிந்தால் ஆட்டமும் போய்விடும், தத்தெடுத்த குழந்தையையும் பறித்துக்கொள்வார்கள் என்று பயம். 2009 நவம்பர் 10ஆம் தேதி அவரும் அதே முடிவைத் தேடிக்கொண்டார். மறுநாளே அவர் மனைவி தெரெசா பத்திரிகைக்காரர்கள் முன் வந்து, கணவரின் நோயைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசினார். அன்பு இருந்தால் சமாளித்துவிடலாம் என்று நம்பியதாகவும், எப்போதும் அது மட்டும் போதாது என்றும் அவர் சொன்னதை ஒவ்வொரு மனைவியும் மனதில் வைக்க வேண்டும். மனச்சோர்வு நம் கவனிப்பில் உள்ள குறையல்ல; சர்க்கரை வியாதி போல வைத்தியம் தேவைப்படும் ஒரு நோய்.

வாய் திறந்து சொன்னவர்கள் கோழைகளா? இத்தாலி கோல் கீப்பர் புஃபோன் 2003-04ல் மனச்சோர்வில் தவித்து நிபுணரின் உதவியை நாடினார். 2006ல் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது கோல் காத்தவர் அவரேதான்! ஸ்பெயினின் இனியெஸ்டா, 2009ல் நண்பரும் ஆட்டக்காரருமான ஹார்க்கே திடீரென்று இறந்த பிறகு இருளில் மூழ்கினார். அவரும் நிபுணரிடம் போனார். 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றி கோலைப் போட்டவர் யார் தெரியுமா? அவரேதான்! வலியை மறைப்பதா தைரியம்? "எனக்கு முடியலை" என்று சொல்வதற்கல்லவா அதைவிடப் பெரிய தைரியம் வேண்டும்!

இது மைதானத்தோடு முடிகிற சங்கதியில்லை, சகோதரிகளே. பனியன் கம்பெனியில் ஆர்டர் குறைந்தாலும், கடன் கழுத்தை நெரித்தாலும் நம் வீட்டு ஆண்கள் அழுவதில்லை. எரிந்து விழுவார்கள், குடிப்பார்கள், அல்லது பேச்சையே நிறுத்திவிடுவார்கள். தூக்கம் கெடுவது, சாப்பாடு இறங்காமல் போவது, பிடித்த விஷயம்கூடக் கசந்துபோவது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்?" என்ற பேச்சு... இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சாவைப் பற்றிய பேச்சு வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். தனியே விடாமல் கூடவே இருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

பையன் தோற்று வந்தால் முதலில் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். அழுகிறானா, அழட்டும். புத்திமதியெல்லாம் அப்புறம்! கணவரிடமும், "சாப்பிட்டீங்களா?" என்று தினமும் கேட்கிறோமே, அதோடு "மனசு எப்படி இருக்குங்க?" என்றும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?