சைலன்சர் சத்தம்: ஒரு வீடியோவால் கைநழுவிய வியாபாரம்

வாகனம் பார்க்க வருபவர் முதலில் பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பார். அடுத்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, பின்பக்கம் போய்க் கைகட்டி நின்று காதுகொடுப்பார். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்து முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. கண்ணால் பார்த்து ஏமாந்தவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். பின்னால் நின்று பொறுமையாகக் கேட்டவர்கள் ஏமாந்தது குறைவு. பழுத்த பாஸ்மார் சைலன்சர் சத்தத்தை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடுவார்கள்.

இப்போது அந்தக் காதின் வேலையைக் கைத்தொலைபேசி எடுத்துக்கொண்டுவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்குள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி விலையேறின. உதிரிப்பாகத்துக்கும் அதே நிலைதான். அக்கரைப்பற்றில் இருப்பவர் கொழும்புக்கு வந்து கேட்டுப் பார்க்க மாட்டார். “ஸ்டார்ட் பண்ணி ஒரு வீடியோ போடுங்க” என்பார். அந்த ஒரு நிமிட வீடியோவில்தான் பல இலட்சம் ரூபா வியாபாரம் நிற்கிறது. அதை எப்படி எடுப்பது என்று நம்மில் பலர் ஒரு நாளும் யோசித்ததில்லை. நானும் யோசிக்கவில்லை, கை சுடும் வரை.

2021 செப்டம்பர் மாதம். நாடு மூடிக் கிடந்தது. மைத்துனருக்குச் சொந்தமான ஒரு கொரொல்லா 121 விற்பனைக்கு என் பொறுப்பில் இருந்தது. எஞ்சின் நல்ல எஞ்சின், அதற்கு நானே சாட்சி. காத்தான்குடியில் ஒரு காக்கா விலை பேசி முடித்து, முற்பணம் அனுப்பும் கட்டத்துக்கு வந்துவிட்டார். கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டார், சைலன்சர் சத்தம். கடைத் தம்பியிடம் சொன்னேன். அவன் நல்ல பிள்ளை, சொன்னதைச் சொன்னபடி செய்பவன். சத்தம்தானே கேட்கிறார் என்று போனைக் குழாயின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நேராகப் பிடித்து, அக்ஸிலேட்டரை நன்றாக மிதிக்கச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பிவிட்டான். நான் அதைக் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அரை மணித்தியாலத்தில் அழைப்பு வந்தது. “ஹாஜியார், இது சைலன்சர் ஓட்டையா, இல்ல எஞ்சின் மிஸ் அடிக்குதா?” என்றார் காக்கா. இரண்டும் இல்லை என்றேன். அவர் வீடியோவைத் தன் ஊர் கராஜில் போட்டுக் காட்டியிருக்கிறார். “பட பட என்று வெடிக்குது, எடுக்க வேண்டாம்” என்று அந்த பாஸ் சொல்லிவிட்டாராம். பிறகு நான் எவ்வளவு சொல்லியும் அவர் மனம் திரும்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். அதே காரை இரண்டு மாதம் கழித்து ஒன்றரை இலட்சம் ரூபா குறைத்து வேறொருவருக்குக் கொடுத்தோம். வாங்கியவர் அடுத்த நாளே பேசி, எஞ்சின் பட்டுப்போல ஓடுகிறது என்றார். மைத்துனரின் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

அதன் பிறகுதான் அந்த வீடியோவை ஹெட்போன் போட்டு உட்கார்ந்து கேட்டேன். காக்கா சொன்னது உண்மை, வெடிக்கத்தான் செய்தது. வெடித்தது எஞ்சின் அல்ல, போன்.

திருமண மண்டபங்களில் ஒலியமைப்புச் செய்யும் நண்பர் ஒருவர் விளக்கினார். குழாயிலிருந்து வருவது சத்தம் மட்டுமல்ல, விட்டு விட்டு வேகமாகத் தள்ளப்படும் காற்றும் வருகிறது. அதற்கு நேரே ஒலிவாங்கியைப் பிடித்தால் காற்றுப்போய் அதன்மேல் மோதும். நாம் மைக்கின் முன்னால் வாயை வைத்து ‘பூ’ என்று ஊதினால் கேட்பதுபோல ‘பட் பட்’ என்று பதியும். மிஸ் அடிக்கும் எஞ்சினின் சத்தமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். காத்தான்குடி பாஸ் ஏமாந்தது அங்கேதான்.

இரண்டாவது கோளாறு, அளவுக்கு மேல் சத்தம். ஒரு கொத்துக்குள் ஒரு கொத்து அரிசிதான் பிடிக்கும், மீதி வழிந்து போகும். போனின் மைக்கும் அப்படித்தான். கொள்ளளவுக்கு மேல் சத்தம் வந்தால் மேற்பகுதியை வெட்டிவிட்டுப் பதியும், அது கர கர என்ற இரைச்சலாகக் கேட்கும். வெட்டுப்பட்டதைப் பிறகு எந்தக் கணினியாலும் முழுமையாகத் திருப்பிக் கொண்டுவர முடியாது. மூன்றாவது, போன் தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பழக்கம். பேச்சுத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட வசதி அது. அக்ஸிலேட்டரை மிதித்தவுடன் போன் சத்தத்தை அமுக்கிவிடும். காலை எடுத்ததும் காகம் கரைவதையும் ஆட்டோ போவதையும் தூக்கிக் கொடுக்கும். எஞ்சின் ஏறியதா இறங்கியதா என்றே கேட்பவருக்கு விளங்காது.

எஞ்சின் கணக்கையும் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நான்கு சிலிண்டர் எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றும்போது நான்கு தடவை வெடிக்கும். ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் வினாடிக்கு 25 வெடிப்பு. 3,000 சுற்றில் வினாடிக்கு 100. இவையெல்லாம் மிகத் தாழ்ந்த தொனிகள். போனுக்குள் இருக்கும் சின்ன ஒலிபெருக்கியால் அந்த அடித்தொனியை எழுப்ப முடியாது. ஆகவே வாங்குபவர் போனைக் காதில் வைத்துக் கேட்டு முடிவெடுப்பது சரியல்ல. நான் இப்போது வீடியோவுடன் ஒரு வரி எழுதி அனுப்புகிறேன்: “ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.” ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் அதே 750 சுற்றில் வினாடிக்கு ஆறு தடவைக்குச் சற்று மேல் ஓர் ஓட்டை விழும், தாளம் தப்பாமல் விழும். காற்று மோதும் சத்தத்துக்கு அந்த ஒழுங்கு கிடையாது. தெரிந்த காது இதை வைத்தே பிரித்துவிடும்.

சரி, எங்கே நின்று பிடிப்பது? நிறுத்தி வைத்த வாகனத்தின் புகைக்குழாய்ச் சத்தத்தை அளப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 5130 என்றொரு சர்வதேச தரம் இருக்கிறது. மைக் குழாயின் வாயிலிருந்து அரை மீற்றர் தூரத்தில், காற்று வரும் திசைக்கு 45 பாகை பக்கவாட்டில், குழாயின் உயரத்திலேயே, ஆனால் நிலத்திலிருந்து 20 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது அது. சத்தத்தை அளக்கும் கருவிக்குச் சொன்ன கணக்கு என்றாலும் நமக்கும் அதுவே நல்ல வழிகாட்டி. போனுக்கு அரை மீற்றர் கிட்டவாகிவிடும். நான் ஒன்றரை மீற்றர் அளவில், மூலைவாட்டாக, குந்தியிருந்து பிடிக்கச் சொல்கிறேன். சத்தம் குறைவாகப் பதிந்தால் கேட்பவர் கூட்டிக்கொள்ளலாம். வெட்டுப்பட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

சில சம்சுங் போன்களில் ‘ப்ரோ வீடியோ’ என்ற பகுதியில் மைக்கின் அளவை நாமே குறைக்கலாம். பிளாக்மேஜிக் கமரா என்ற இலவச செயலியும் இருக்கிறது, ஐபோனுக்கு 2023இலும் அண்ட்ரோயிட்டுக்கு 2024இலும் வந்தது. அதில் ஒலி அளவு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். மிதித்து ஏற்றும்போது கோடு சிவப்பைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். நிறைய வாகனம் விற்பவர்கள் கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வாங்கி வைப்பது வீண் செலவல்ல. 2024இல் வந்த சூம் எச்1 எசென்ஷல் போன்றவற்றில் 32 பிட் ஃப்ளோட் என்ற முறை இருக்கிறது. அதில் சத்தம் கூடிப் பதிந்தாலும் பிறகு கணினியில் குறைத்துச் சரிசெய்யலாம், அளவு வைத்துப் பார்க்கும் தலையிடி இல்லை. ஆனால் குழாய்க் காற்றுக்கு நேரே பிடித்தால் அதுவும் போனைப் போலத்தான். அதில் பதிந்ததை வீடியோவுடன் பொருத்த ஆரம்பத்தில் ஒரு கைதட்டுத் தட்டினால் போதும், படத்தில் கை சேரும் இடமும் ஒலியில் தட்டும் இடமும் ஒன்றாக வரும். மைக்கில் பஞ்சு உறை போட வேண்டும். எங்கள் கடையில் ஒரு பழைய காலுறைதான் அந்த வேலையைச் செய்கிறது.

இடத்தையும் நேரத்தையும் பற்றி ஒரு வார்த்தை. பகலில் பஞ்சிகாவத்தையில் நின்று வீடியோ எடுத்தால் சைலன்சரைத் தவிர மற்றெல்லாம் பதியும். சுபஹு தொழுதுவிட்டு வரும் நேரம் மிகப் பொருத்தம். மதிலுக்குக் கிட்ட வாகனத்தைப் பின்பக்கமாக நிறுத்தினால் சத்தம் மதிலில் பட்டுத் திரும்பி, சின்னக் காரும் லொறிபோல உறுமும். நிலக்கீழ் வாகனத் தரிப்பிடங்களில் இளைஞர்கள் எடுத்துப் போடும் வீடியோக்கள் கம்பீரமாக இருப்பதன் இரகசியமும் இதுதான். அவர்களுக்கு அது சரி. (சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரை எழுப்புவதைச் சரி என்று நான் சொல்லவில்லை.) விற்பனைக்கு எடுப்பவர் திறந்த வெளியில் எடுக்க வேண்டும். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டுப் பதிவு செய்யவே கூடாது. வரும் புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது, அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, ஆளைக் கொல்லும்.

இனி என் இரண்டாவது தவறுக்கு வருகிறேன். முதலாவதைத் தெரியாமல் செய்தேன். இதைத் தெரிந்துதான் செய்தேன்.

2022 இறுதி. எரிபொருள் வரிசைகள் குறைந்து, வியாபாரம் மெல்ல மூச்சுவிட ஆரம்பித்திருந்தது. கையில் ஒரு கார் இருந்தது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் முன்பக்கம் ‘டிக் டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும், ஐந்தாறு நிமிடத்தில் போய்விடும். மெனிபோல்ட்டில் மெல்லிய வெடிப்போ, கெஸ்கட் வாய் விட்டிருப்பதோ இருந்தால் இப்படித்தான் வரும். குளிரில் சந்து திறந்திருக்கும், இரும்பு சூடேறி விரிந்ததும் அடைபட்டுவிடும். எனக்கு அது தெரியும். வீடியோ எடுக்கும்போது தம்பி கேட்டான், “நானா, சூடாக்கிட்டு எடுப்பமா?” நான் ஓம் என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் என்னவென்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

வீடியோ அருமையாக வந்தது. அதற்குள் நாங்கள் எடுக்கவும் பழகியிருந்தோம். குருநாகலையிலிருந்து ஒருவர் வந்து, சூடாக இருந்த காரையே ஓடிப் பார்த்து, காசைக் கொடுத்து எடுத்துப் போனார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அழைப்பு. திட்டவில்லை. “இந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?” என்று மட்டும் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அவரால் நிரூபிக்க முடியாது. ஆனால் தம்பி எதிரே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெரியும் என்றேன். மெனிபோல்ட் கழற்றி வேலை செய்த செலவு முழுவதையும் அனுப்பி வைத்தேன். அந்த மனிதர் பிறகு என் கடைப் பக்கம் வரவில்லை.

அன்று முதல் எங்கள் கடையில் ஒரு வாகனத்துக்கு இரண்டு வீடியோ. ஒன்று, இரவு முழுக்க நின்ற வாகனத்தைக் காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் பண்ணுவது. பொனற்றில் கை வைத்துக் குளிர் என்று காட்டி, டாஷ்போட்டில் மைலேஜைக் காட்டி, சாவி திருப்புவதிலிருந்து வெட்டாமல் ஒரே ஓட்டமாகப் பின்பக்கம் நடந்து வர வேண்டும். குளிர் எஞ்சின் சற்று வேகமாக ஐட்லிங் பண்ணும், குழாயிலிருந்து நீர் சொட்டும். இரண்டும் இயல்பு, அதைப் பேசிப் பதிந்துவிடுகிறோம். இரண்டாவது, சூடான பிறகு. ஐட்லிங்கில் அரை நிமிடம் அசையாமல் விட்டு, மெதுவாக 2,500 வரை ஏற்றி, இரண்டு மூன்று வினாடி நிறுத்தி, காலை எடுக்க வேண்டும். இறங்கும் சத்தமும் முழுதாகப் பதிய வேண்டும். குழாயில் எங்காவது ஓட்டை இருந்தால் காலை எடுக்கும்போது உள்ளே காற்று இழுபட்டுப் பொட் பொட் என்று கேட்கும். நம்மவர்கள் மிதிப்பதை மட்டும் பதிந்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

ஹைபிரிட் வாகனங்களில் இன்னொரு தொல்லை. அக்குவா, பிரியஸ் போன்றவற்றில் எஞ்சின் எப்போது ஓட வேண்டும் என்பதை வாகனமே தீர்மானிக்கும், ஸ்டார்ட் பண்ணிய சற்று நேரத்தில் நின்றுவிடும். கராஜ்காரர்கள் பராமரிப்பு முறைக்கு மாற்றி எஞ்சினைத் தொடர்ந்து ஓடவிடுவார்கள். அப்படிச் செய்தே பதிய வேண்டும்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் டொக்கியுமென்ட் என்று தெரிவு செய்து அனுப்புங்கள். வீடியோவாகப் போனால் அது சுருக்கப்பட்டுவிடும், டொக்கியுமென்டாகப் போனால் எடுத்தது எடுத்தபடியே போய்ச் சேரும்.

2024இல் அந்தக் காத்தான்குடி காக்காவே மீண்டும் அழைத்தார், மகனுக்கு ஒரு கார் வேண்டுமாம். பழைய கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இரண்டு வீடியோவையும் அனுப்பினேன். மஃரிபுக்குப் பிறகு குரல் பதிவில் பதில் வந்தது: “ஹாஜியார், காலைச் சத்தத்தில லேசா ஒரு டிக் கேக்குதே. கெஸ்கட் மாத்தற காசக் குறைச்சுக்கொண்டு சொல்லுங்க, பேசுவம்.” குறைத்தேன். அடுத்த கிழமை பஸ் ஏறி வந்து காரை எடுத்துப் போனார்.