பேத்திக்கு எந்தத் துப்பாக்கி?

சென்ற தை மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் துப்பாக்கி வாங்க யோசனை கேட்டார்கள். ஒருவன் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் என் மைத்துனர் மகன். மற்றவள் இங்கே பெங்களூரில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி. ரயில்வேயில் முப்பத்தெட்டு ஆண்டுகள் தண்டவாளத்தையும் சல்லியையும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். இரும்பு, ஸ்பிரிங், திருகு என்று எது வந்தாலும் என்னிடம் கேட்டுவிடுவது எங்கள் குடும்ப வழக்கம். மிக்ஸி ரிப்பேரிலிருந்து அப்படித்தான்.

மைத்துனர் மகனின் கேள்வி தெளிவாக இருந்தது. "மாமா, குறி சுட்டுப் பழகணும். சீசன் வந்தா முயல், அணில் வேட்டைக்கும் போகலாம்னு இங்கே நண்பர்கள் கூப்பிடறாங்க. பையனும் கூட வரணும்கிறான். ரூகர் 10/22 வாங்கவா, மார்லின் 60 வாங்கவா?" அவனுக்கு கிரீன் கார்டு உண்டு. அதை முதலில் கேட்டுக்கொண்டேன். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் அங்கே துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நம் பிள்ளைகள் பலர் இது தெரியாமல் நண்பர்களோடு கிளம்பிவிடுகிறார்கள்.

இரண்டுமே .22 தோட்டா போடும் அரைத் தானியங்கி ரைபிள்கள். அரைத் தானியங்கி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தோட்டா வெடித்ததும் அந்த வாயுவின் அழுத்தம் வெற்றுக் கூட்டைப் பின்னால் தள்ளுகிறது. கூடு தன் பின்னால் இருக்கும் கனமான போல்ட்டைத் தள்ளுகிறது. ரயில் பெட்டியின் பஃபர் அமுங்குவதுபோல ஒரு ஸ்பிரிங் அமுங்கி, போல்ட்டைத் திரும்ப முன்னால் அனுப்புகிறது. வரும் வழியில் அது அடுத்த தோட்டாவைப் பிடித்துக் குழலுக்குள் ஏற்றிவிடுகிறது. இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான் போகும். ஆனால் சுட்ட மறுகணமே துப்பாக்கி தானாகவே மறுபடி தயாராக நிற்கும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்லின் 60 வந்தது 1960-இல், ரூகர் 10/22 வந்தது 1964-இல். ரூகரில் பத்துத் தோட்டா கொள்ளும் சிறிய சுழல் மேகஸின் அடியில் செருகப்படுகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் கையோடு வந்துவிடும். மார்லினில் குழலுக்குக் கீழே இன்னொரு நீளக் குழாய் உண்டு. பிந்தைய தயாரிப்புகளில் அதற்குள் பதினான்கு தோட்டாக்களை வரிசையாக இறக்கலாம். உள்குழாயை முன்பக்கமாக இழுத்துத்தான் நிரப்ப வேண்டும். அப்போது கை துப்பாக்கியின் வாய்க்குப் பக்கத்தில் போகும். எனக்கு அது பிடிக்கவில்லை. குறி தவறாமை என்று பார்த்தால் கடையிலிருந்து வாங்கியபடியே சுடுவதில் மார்லினுக்கு நல்ல பெயர். பராமரிப்பு என்று பார்த்தால் ரூகர். அதன் குழலை இரண்டு திருகுகள்தான் பிடித்திருக்கின்றன; கழற்றி மாட்டிவிடலாம். உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. மார்லின் கம்பெனியை வைத்திருந்த ரெமிங்டன் திவாலாகி, 2020-இல் மார்லினை வாங்கியது ரூகர்தான். இப்போது மார்லின் 60 புதிதாக வருவதில்லை, பழையதுதான் கிடைக்கும். ஆக, கேட்ட கேள்விக்குப் பதில் ரூகர் என்று முடித்திருக்கலாம்.

முடிக்க முடியவில்லை. அதற்குக் காரணம் ஒரு பித்தளைக் குடம்.

1983 வாக்கில் நான் பங்காரப்பேட்டையில் நிரந்தரப் பாதைப் பிரிவில் இருந்தேன். கோலார் தங்கவயலுக்குப் பிரியும் சந்திப்பு அது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலோ இந்தியர்களின் ஆங்கிலமும் ஒரே பிளாட்பாரத்தில் கேட்கும். ஓய்வு பெற்ற இன்ஜின் டிரைவர் ஒருவரிடம் பழைய அமெரிக்க ரைபிள் ஒன்று இருந்தது. குழாய் மேகஸின் வைத்த .22 அரைத் தானியங்கி. அதற்கு உரிமம் எப்படி வாங்கினார், வேட்டைக்கு அனுமதி இருந்ததா என்றெல்லாம் நான் கேட்டதில்லை. கேட்கும் வயதும் இல்லை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைப் புதர்களில் முயலும் கௌதாரியும் தேடிப் போவார். என் நண்பர் ஒருவர் அவருடன் போவார். நானும் இரண்டு முறை போயிருக்கிறேன்.

ஒரு ஞாயிறு மதியம் திரும்பி வந்து நண்பரின் குவார்ட்டர்ஸில் டீ குடித்தோம். பெரியவர் குழாயை உருவி, துப்பாக்கியைச் சாய்த்து, விழுந்த தோட்டாக்களை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டார். "காலி" என்று சொல்லிக் கட்டிலில் வைத்தார். பொய் சொல்லவில்லை. குழாய் காலிதான். ஆனால் கடைசியாகச் சுட்டபோது போல்ட் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. ஒரு தோட்டா குழலுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. நண்பரின் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் வாசலில் பேசிக்கொண்டிருக்கையில் அவன் அதைத் தூக்கினான்.

சத்தம் பெரிதாக இல்லை. தீபாவளி ஊசிப் பட்டாசு அளவுதான். உள்ளே ஓடினோம். பையன் அப்படியே நின்றான். திறந்திருந்த சமையலறைக் கதவுக்கு நேராக, மேடைமேல் இருந்த குடத்தில் சின்னத் துளை. அதிலிருந்து தண்ணீர் கம்பிபோல நேராக வந்துகொண்டிருந்தது. அவன் அம்மா துணி எடுக்கக் கொல்லைப்புறம் போயிருந்தார். ஒரு நிமிடம் முன்பு வரை அந்தக் குடத்துக்கு முன்னால்தான் நின்றிருந்தார். யாரும் பேசவில்லை. தண்ணீர் முழுவதும் வடியும் வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி வந்து சேர்ந்தது என்று கேட்ட மாத்திரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் பின் ஸ்டேஷனுக்கு "லைன் கிளியர்" கொடுத்துவிட மாட்டார். கடைசிப் பெட்டியின் பின்னால் இருக்கும் எல்.வி. பலகையையோ சிவப்பு விளக்கையோ கண்ணால் பார்த்த பிறகுதான் கொடுப்பார். நடுவழியில் இரண்டு பெட்டி கழன்று நின்றிருந்தால்? அன்று நாங்கள் நான்கு ரயில்வேக்காரர்கள் அந்த அறையில் இருந்தோம். ஒருவரும் எல்.வி. பலகையைப் பார்க்கவில்லை.

அதனால் மைத்துனர் மகனிடம் சொன்னேன்: "உனக்கு மட்டும் என்றால் ரூகர் வாங்கிக்கொள். ஆனால் மேகஸினை எடுத்ததும் காலி என்று நினைக்காதே. கடைசிக் குண்டு போனபின் ரூகரின் போல்ட் தானாகத் திறந்து நிற்காது. மூடியே இருக்கும். போல்ட்டை இழுத்துப் பூட்டி, உள்ளே கண்ணால் பார், சுண்டு விரலாலும் தடவிப் பார். பையன் பழகுவதற்கு இரண்டும் வேண்டாம். ஒரு தோட்டா மட்டும் போடும், கையால் போல்ட் தள்ளும் ரைபிள் வாங்கு." அந்த வகையில் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் எடுத்து வைக்க வேண்டும். ஏற்றியது நாம்தான் என்று கைக்குத் தெரிந்திருக்கும். அவன் இருக்கும் பென்சில்வேனியாவிலேயே 2017 வரை அரைத் தானியங்கி ரைபிளால் வேட்டையாட அனுமதி கிடையாது. பிறகுதான் சிறு பிராணிகளுக்கு விட்டார்கள். அத்தனை காலம் அங்கே முயல் பிடித்தவர்கள் யாரும் பட்டினி கிடக்கவில்லை.

ஒற்றைத் தோட்டா என்பதாலேயே ஆபத்து போய்விடும் என்றும் சொல்லமாட்டேன். 2013-இல் கென்டக்கி மாநிலத்தில் ஐந்து வயதுப் பையன் ஒருவன், சிறுவர்களுக்கென்றே செய்த ஒற்றைத் தோட்டா ரைபிளால் தன் இரண்டு வயதுத் தங்கையைச் சுட்டுவிட்டான். குழந்தை இறந்துவிட்டது. மூலையில் சாத்தி வைத்திருந்த அந்த ரைபிளில் தோட்டா இருந்தது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அதனால் துப்பாக்கிக்கு முன்னால் பூட்டுள்ள இரும்புப் பெட்டி வாங்கச் சொன்னேன். தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனிச் சாவி. .22 தோட்டாவின் குண்டு இரண்டரை கிராம் சொச்சம்தான். ஆனாலும் ஒன்றரை மைல் தூரம் வரை போகக்கூடியது என்று எச்சரிக்கிறார்கள். மெஜஸ்டிக்கில் சுட்டால் மல்லேஸ்வரம் வரை போகும்.

இனிப் பேத்தி. அவள் கேட்டது வேட்டைக்கல்ல. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறாள். 50 மீட்டர் ரைபிள், மூன்று நிலைகள். மண்டியிட்டு, படுத்து, நின்று என்று சுட வேண்டும். அப்போது அவர் சென்ட்ரல் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். "தாத்தா, உங்க டிபார்ட்மென்ட்!" என்று கத்தினாள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். அதற்கு முன்பே அவள் சுவரில் ஒட்டி வைத்திருந்தது இளவேனில் வாலறிவன் படம். கடலூரில் பிறந்து, அகமதாபாத்தில் வளர்ந்து, 10 மீட்டர் காற்று ரைபிளில் 2019-இல் ரியோ உலகக் கோப்பைத் தங்கம் வாங்கிய பெண். ஊரை விட்டு வந்து பிழைக்கும் நம்மைப் போன்ற குடும்பத்துப் பிள்ளை என்பதால் அந்தப் பெயரைச் சொல்வதே நமக்கு இனிப்பாக இருக்கிறது.

இங்கே நம் நாட்டில் தேர்வு வேறு மாதிரி. 2016 ஆயுத விதிகளின்படி அரைத் தானியங்கி ரைபிள் தடைசெய்யப்பட்ட வகையில் வருகிறது. சாதாரணக் குடும்பத்துக்கு அந்தப் பேச்சே இல்லை. இச்சாப்பூர் தொழிற்சாலையின் .22 போல்ட் ரைபிள் போன்றவற்றுக்கு உரிமம் வேண்டும், சொந்தமாக வைத்துக்கொள்ள 21 வயதும் ஆக வேண்டும். முயல், கௌதாரி, காடை எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. 1972-இல் வந்த சட்டம் 1991 திருத்தத்தில் வேட்டைக்கான கதவை ஏறக்குறைய முழுதாக மூடிவிட்டது. காற்றுத் துப்பாக்கியால் புறா அடித்தாலும் குற்றம் குற்றம்தான். அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் காற்றுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும் இயக்கம் ஒன்று தொடங்கி, மக்கள் 2,000-க்கு மேல் கொண்டுவந்து கொடுத்தார்கள். பறவைகள் குறைந்துபோனதுதான் காரணம்.

பேத்திக்கு மிஞ்சுவது 4.5 மி.மீ. காற்று ரைபிள். 20 ஜூலுக்கு மேற்படாத திறன் என்றால் உரிமம் வேண்டாம். விற்பவர் அடையாளச் சான்றைப் பார்த்துப் பதிந்துகொள்வார். இதிலும் இரண்டு வகை. ஒன்று குழலை மடக்கி ஸ்பிரிங்கை அழுத்துவது. சில ஆயிரத்தில் கிடைக்கும். சுடும்போது உள்ளே பிஸ்டன் ஓடுவதால் முன்னும் பின்னும் ஒரு ஆட்டம் இருக்கும். மற்றது அழுத்தக் காற்று உருளை வைத்தது. ஆட்டமே தெரியாது. போட்டிகளில் இதுதான். வெளிநாட்டுச் சரக்கென்றால் லட்சங்களில் பேசுகிறார்கள்.

10 மீட்டர் போட்டியில் பத்துக்கான புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம்தான். அரிசியில் நுனி உடைந்தால் விழுமே, அந்தத் துணுக்கு. 75 நிமிடத்தில் 60 குண்டு, ஒவ்வொன்றும் கையால் வைப்பது. வேகமாகச் சுடுகிற துப்பாக்கிக்கு இங்கே வேலையே இல்லை. ஸ்பிரிங் ரைபிளில் பழகினால் கை கெட்டுவிடுமா என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். கெடாது, ஆனால் ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள், பயிற்சிக் கூடத்து ரைபிளிலேயே சுடட்டும், நிற்க முதலில் கற்கட்டும் என்றார். நல்ல மனிதர். விற்கத் தெரியாதவர். எங்கே போவது என்று தெரியாதவர்கள் பெங்களூரில் உள்ள கர்நாடக மாநில ரைபிள் சங்கத்தில் விசாரிக்கலாம்.

இப்போது சனிக்கிழமை காலைகளில் நான்தான் அவளை மெட்ரோவில் அழைத்துப் போகிறேன். முதல் மாதம் முழுக்கக் குண்டே இல்லாமல் விசையை இழுத்துப் பழகினாள். சுட்டு முடித்ததும் ரைபிளைத் திறந்து, உள்ளே மஞ்சள் கொடிக் கம்பியைச் செருகி வைக்கிறார்கள், காலி என்பதற்கு அடையாளமாக. முதல் நாள் அதைப் பார்த்ததும் "எல்.வி. பலகை" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வரும் வழியில் பங்காரப்பேட்டைக் கதையைச் சொன்னேன். அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறான் என்று கேட்டாள். பேங்கில் மேனேஜராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டான், அந்தக் குடம் இன்னும் அவன் வீட்டில் இருக்கிறது, துளையை ஈயம் வைத்து அடைத்துத் துளசி வைத்திருக்கிறார்கள் என்றேன்.

போன வாரம் மைத்துனர் மகன் போன் செய்தான். "மாமா, பெட்டி வந்துடுச்சு. சுவரோட போல்ட் போட்டு இறுக்கிட்டேன். பூட்டு நல்லா இருக்கு."

"துப்பாக்கி?"

"இன்னும் வாங்கலை மாமா. அத்தைகிட்ட கேட்டுட்டு வாங்கலாம்னு."

போனை அவன் அத்தையிடம் கொடுத்துவிட்டேன்.