கைப்பேசியில் குர்ஆன்: தொடுவதில் சலுகை உண்டு, ஓதுவதில் இல்லை

விசைத்தறி ஊரான பொதட்டூர்பேட்டையிலிருந்து பேருந்தில் திருத்தணி வந்து, சென்னைக்கு மின்சார ரயில் பிடிக்கும் ஒரு முஸ்லிம் பயணியின் சட்டைப்பையில் இன்று குர்ஆன் முழுவதும் இருக்கிறது. 114 அத்தியாயங்களும் ஒரே செயலியில். உட்கார இடம் கிடைத்தால் அரக்கோணம் வருவதற்குள் யாசீன் ஓதி முடித்துவிடலாம். ஆனால் ரயிலில் ஒளு செய்ய வசதி இல்லை. திரையைத் தொடலாமா? அதே போனுடன் கழிவறைக்குப் போகலாமா? தொழுகையில் அதைப் பார்த்து ஓதலாமா? பள்ளிவாசல் ஹஜ்ரத்துகளிடம் அடிக்கடி வந்து சேரும் கேள்விகள் இவை.

பலகையா, நாணயமா?

அச்சிட்ட குர்ஆன் பிரதியை, அதாவது முஸ்ஹஃபை, ஒளு இல்லாமல் தொடக்கூடாது என்பது நான்கு மத்ஹபுகளின் நிலைப்பாடு. 56ஆம் அத்தியாயத்தின் 79ஆம் வசனமும், அம்ரு இப்னு ஹஸ்முக்கு நபிகள் நாயகம் அனுப்பியதாக இமாம் மாலிக்கின் முவத்தாவில் பதிவான கடிதமும் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகின்றன. அந்த வசனம் வானவர்களைப் பற்றியது, எனவே அச்சுப் பிரதிக்கே ஒளு கட்டாயமில்லை என்பது தவ்ஹீத் சிந்தனையாளர்கள் பலரின் வாதம்.

போன் முஸ்ஹஃபா என்பதுதான் அடுத்த கேள்வி. இதற்கு வழிகாட்டும் ஒப்புமைகள் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டன. ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றான 'மின்ஹாஜ்' நூலில் இமாம் நவவி இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்கிறார். பாடம் படிக்கக் குர்ஆன் வசனம் எழுதிய பலகைக்கு முஸ்ஹஃபின் சட்டமே பொருந்தும். வசனம் பொறித்த தங்க நாணயத்தையோ, மூட்டை முடிச்சுகளுக்கு இடையில் இருக்கும் குர்ஆனையோ ஒளு இல்லாமல் சுமக்கலாம். பலகையில் எழுதியதன் நோக்கம் ஓதுவது. நாணயத்தின் நோக்கம் வேறு.

மூடிய செயலியுடன் பையில் கிடக்கும் போன் நாணயத்தைப் போன்றது. அதன் நினைவகத்தில் இருப்பவை மின் குறிகளே. எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே அதைத் தொடுவதற்கு ஒளு தேவையில்லை என்பதில் இன்றைய அறிஞர்களிடையே பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. வசனம் திரையில் விரிந்த பிறகுதான் சர்ச்சை. அப்போதும் அது முஸ்ஹஃப் ஆகாது என்று சவூதி அறிஞர் அப்துர் ரஹ்மான் அல்பர்ராக் போன்றோர் தீர்ப்பளித்துள்ளனர். ஹனஃபி முஃப்திகளில் சிலர், எழுத்துக்கும் விரலுக்கும் நடுவே கண்ணாடி தடுப்பாக இருப்பதால் தொடலாம் என்கின்றனர். வேறு சிலர், வசனம் தெரியும் பகுதியை மட்டுமாவது ஒளு இல்லாமல் தொடாதீர்கள், ஓரத்தைத் தொட்டு நகர்த்துங்கள் என்கின்றனர். தமிழகக் கடலோர ஊர்களில் ஷாஃபிஈகளும், வேலூர், ஆற்காடு வட்டாரத்தில் ஹனஃபிகளும் அதிகம் என்பதால் ஊருக்கு ஊர் பதில் சற்று மாறலாம்.

தமிழ் மொழிபெயர்ப்புக்குச் சட்டம் இன்னும் இலகு. ஆ.கா. அப்துல் ஹமீது பாகவியின் முழுத் தமிழாக்கம் 1940களில் வெளியானது. இன்று பல தமிழாக்கங்கள் செயலிகளிலும் கிடைக்கின்றன. மூல வசனத்தைவிட விளக்கம் மிகுந்த தஃப்சீரை ஒளு இல்லாமல் தொடலாம் என்று ஷாஃபிஈ நூல்களே அனுமதிக்கின்றன.

நாவுக்கான சட்டம் மாறவில்லை

பலர் குழம்பும் இடம் இது. தொடுவது ஒரு சட்டம், ஓதுவது வேறு சட்டம். ஒளு இல்லாதவர் மனப்பாடமாக ஓதலாம். அதனால் ரயில் பயணி திரையைப் பார்த்து ஓதுவதில் சிக்கல் குறைவு. ஆனால் குளிப்பு கடமையானவர் குர்ஆனை வாய்விட்டு ஓதக்கூடாது என்பது பெரும்பான்மையோர் கருத்து. கையில் இருப்பது காகிதமா, கண்ணாடியா என்பதால் இது மாறாது.

மாதவிடாய் நாட்களுக்கும் பெரும்பாலான அறிஞர்கள் இதையே சொல்கின்றனர். அந்நாட்களில் ஓதுவதற்கு மாலிகி மத்ஹபு இடம் தருகிறது. நிஸ்வான் மதரஸா மாணவியருக்கு இது அன்றாடப் பிரச்சினை. கண்ணால் பார்த்து மனத்துக்குள் ஓட்டிக்கொள்ளவும், ஒலிப்பதிவைக் கேட்கவும் தடை இல்லை. இந்த இரண்டுக்கும் போன் பேருதவி.

கழிவறை, தொழுகை, குத்பா

செயலியை மூடிவிட்டால் போனுடன் கழிவறைக்குச் செல்லலாம் என்பது பரவலான தீர்ப்பு. திரையில் வசனம் தெரிந்தாலோ, ஒலி ஓடினாலோ கூடாது. இறைவசனத்தைத் திரைப் பின்னணிப் படமாக வைத்திருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். திரையைத் தட்டும்போதெல்லாம் அது தெரியும்.

ரமலானில் தராவீஹ் தொழுகையில் போனைப் பார்த்து ஓதலாமா? ஆயிஷா நாயகியின் பணியாளர் தக்வான், முஸ்ஹஃபைப் பார்த்து ஓதி அவருக்குத் தொழுவித்த செய்தி புகாரியில் இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபு இதை அனுமதிக்கிறது. அப்படிப் பார்த்து ஓதினால் தொழுகையே முறிந்துவிடும் என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் தீர்ப்பு. அவருடைய மாணவர்களான அபூ யூசுஃபும் முஹம்மதும் தொழுகை கூடும், ஆனால் வெறுக்கத்தக்கது என்றனர். போனுக்கும் இதே அளவுகோல்தான்.

ஜும்ஆ குத்பாவின்போது பேசுபவரை 'பேசாதே' என்று அடக்குவதும், தரையில் கிடக்கும் சிறுகல்லைத் தடவிக்கொண்டிருப்பதும் வீண் செயல் என்று நபிமொழிகள் எச்சரிக்கின்றன. சிறுகல்லுக்கே இப்படியென்றால் திரையைத் தள்ளிக்கொண்டிருப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குர்ஆன் செயலியே ஆனாலும் அந்த நேரத்தில் மூடி வைப்பதே முறை.

ரிங்டோன் ஏன் கூடாது?

குரலைப் பதியும் கருவி வந்த காலத்திலேயே இந்த விவாதமும் தொடங்கியது. ஃபோனோகிராஃபில் குர்ஆன் ஒலிப்பது பற்றி 1899இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) சையித் உஸ்மான் என்ற அறிஞர் ஃபத்வா எழுதினார். 1961இல் எகிப்தின் மஹ்மூத் கலீல் அல்ஹுசரி குர்ஆன் முழுவதையும் ஓதிப் பதிவு செய்தார். ஒலிப்பதிவு இப்படி ஏற்கப்பட்டாலும் ரிங்டோன் ஏற்கப்படவில்லை. குர்ஆன் ஓதப்பட்டால் மௌனமாகச் செவிகொடுங்கள் என்பது 7ஆம் அத்தியாயத்தின் 204ஆம் வசனத்தின் கட்டளை. ரிங்டோனையோ நாம் பாதி வசனத்தில் வெட்டிவிட்டு 'ஹலோ' என்கிறோம். போன் சந்தையிலும் ஒலிக்கும், கழிவறையிலும் ஒலிக்கும். 2010இல் எகிப்தின் தலைமை முஃப்தி அலீ ஜுமுஆ இதற்கு எதிராகத் தீர்ப்பளித்தார்.

வாட்ஸ்அப்பில் வரும் வசனங்களை நீக்கினால் பாவமாகுமோ என்று அஞ்சுவோரும் உண்டு. நைந்த அச்சுப் பிரதியை மண்ணில் புதைப்பது அதன் எழுத்து மிதிபடாமல் காக்கத்தான். போனில் நீக்கினால் மிதிபட எழுத்தே இல்லை. அவமதிக்கும் எண்ணம் இல்லாத வரை குற்றமில்லை.

செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன்

மதீனா பதிப்பு 604 பக்கங்கள் கொண்டது. அதன் எழுத்து முறைதான் பல செயலிகளில் முதலில் திறக்கும். நம் மக்தப்களில் பிள்ளைகள் பழகுவதோ துணைக்கண்ட எழுத்து முறை. குறியீடுகள் மாறுவதால் புதிதாக ஓதுவோர் தடுமாறுவார்கள். அமைப்பில் போய் எழுத்து முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். மனனம் செய்யும் மாணவர்களுக்கு எந்த வசனம் பக்கத்தின் எந்த மூலையில் வருகிறது என்பதும் நினைவின் ஒரு பகுதி. அவர்களுக்குப் பக்கம் மாறாத ஒரே அச்சுப் பிரதி நல்லது.

இன்னொன்று, நம்பகத்தன்மை. 'முஸ்லிம் ப்ரோ' செயலி பயனர்களின் இருப்பிடத் தகவலைத் தரகு நிறுவனம் ஒன்றுக்குத் தந்ததாக 2020 நவம்பரில் அமெரிக்க ஊடகம் செய்தி வெளியிட்டது. அதன்பின் அந்த உறவை முறித்துக்கொள்வதாக நிறுவனம் அறிவித்தது. ஓதுவதற்கு மட்டும் பயன்படும் செயலிக்கு இருப்பிட அனுமதி தேவையில்லை.

திரையைத் தொடுவதற்கான சலுகையை, எப்படியும் ஓதலாம் என்பதற்கான சலுகையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓதத் தொடங்கும் முன் அறிவிப்பு ஒலிகளை அணைத்துவிடுங்கள். முடிந்தால் ஒளு செய்துகொள்ளுங்கள். உங்கள் மத்ஹபின் தீர்ப்பு எது என்பதை இணையத்தில் தேடி அலைவதைவிட, உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.