படகில் பாட்டு கேட்கவில்லையா? குற்றவாளி கடல் இல்லை, தெரியுமா?

கரையில் கணீரென்று பாடிய படகு ஸ்டீரியோ, துறைமுகத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கரகரக்க ஆரம்பிக்கிறதா? எல்லோரும் கடலைத்தான் திட்டுவார்கள். ஆனால் வானொலி அலைக்குக் கடலைப் போல வாகான தரை பூமியில் வேறில்லை! உப்புத் தண்ணீர், காய்ந்த நிலத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். மத்திய அலை அந்தத் தண்ணீரை ஒட்டியே ஓடும். நிலத்தில் சீக்கிரம் களைத்துவிடும் அதே அலை, கடல்மேல் பல மடங்கு தூரம் போகும். இலங்கைக்கு நிகழ்ச்சி அனுப்ப ஆகாசவாணி தூத்துக்குடியில் 200 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பியை நிறுவியதே, நடுவில் கடல் இருக்கிற தைரியத்தில்தான்.

இந்தச் சூட்சுமத்தை வைத்து ஒரு மீன்பிடிக் கப்பலே வானொலி நிலையம் ஆனது தெரியுமா? 1964 மார்ச்சில் இங்கிலாந்துக் கரைக்கு அப்பால், சட்டம் எட்டாத கடலில் நங்கூரமிட்டு நாளெல்லாம் பாப் பாட்டு போட்டது ரேடியோ கரோலைன். 1983-ல் அது குடியேறிய 'ராஸ் ரிவெஞ்ச்' ஒரு பழைய மீன்பிடிக் கப்பல். அதன் நடுவே சுமார் 300 அடி உயர ஆன்டெனாக் கம்பம்! தாம்பரம் பக்கம் முப்பது மாடிக் கட்டடம் எழுந்தாலே அண்ணாந்து பார்க்கிறோம். இது அலையில் ஆடுகிற கப்பல்மேல் நின்றது. ஆடி ஆடி நான்கு ஆண்டு தாங்கி, 1987-ல் சரிந்து விழுந்தது.

கப்பலிலிருந்து பாட்டு கிளம்புவது அதைவிடப் பழைய கதை. உலகைச் சுற்றி வந்த அமெரிக்கக் கடற்படையின் 'பெரிய வெள்ளைக் கப்பற்படை' 1908 டிசம்பரில் கொழும்பிலும் நின்று போனது. அந்தப் படையில் 'ஒஹாயோ' என்ற போர்க்கப்பலின் மின்பணியாளர், வழியில் கிராமபோன் இசைத்தட்டுகளை வானொலி அலையில் ஒலிபரப்பி வந்தார். வீட்டுக்கு வீடு ரேடியோ வருவதற்கு எத்தனையோ ஆண்டு முன்பு!

அப்படியானால் நம் எஃப்.எம். மட்டும் ஏன் கைவிடுகிறது? பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும் அலை. பூமி வளைகிறது, அலை அந்த அளவுக்கு வளைவதில்லை, அவ்வளவுதான். கணக்கு எளிது: ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்குங்கள், அத்தனை கிலோமீட்டர்தான் அதன் தொடுவானம். ராமேஸ்வரத்தில் நிற்கும் 323 மீட்டர் தூர்தர்ஷன் கோபுர உச்சிக்கு சுமார் 74 கி.மீ. படகின் பங்கையும் இதோடு கூட்டிக்கொள்ளலாம்: ஒரு மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் 4 கி.மீ., நான்கு மீட்டருக்குத் தூக்கினால் 8 கி.மீ. உயரத்தை நான்கு மடங்காக்கினால்தான் தூரம் இரண்டு மடங்கு! கஞ்சத்தனமான கணக்குத்தான். ஆனாலும் அதிக விலைக்கு வேறு ஸ்டீரியோ வாங்குவதைவிட ஒரு நீளக் கம்பு பலன் தரும் என்பேன். பாம்பனில் மீனவர்களுக்காகவே 2016-ல் தொடங்கிய 'கடல் ஓசை' 90.4 போன்ற சமுதாய வானொலிகளுக்கு இங்கே சக்தி வரம்பே பொதுவாக 100 வாட்தான். அவற்றைக் கேட்க இந்த உயரம் ரொம்பவே உதவும்.

கணக்கைக் கடலே உடைக்கும் நாட்களும் உண்டு! தண்ணீரை ஒட்டி ஈரக் குளிர்காற்று, அதன்மேல் காய்ந்த வெப்பக்காற்று என்று படிந்துவிட்டால், நடுவில் அலை சிக்கித் தண்ணீர்க் குழாயில் போவதுபோல ஓடும். 1957-ல் ஹவாயிலும் கலிபோர்னியாவிலும் இருந்த இரண்டு ஹாம் வானொலிக்காரர்கள், பண்பலையைவிட உயர்ந்த 144 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டார்கள். இடையில் சுமார் 4,000 கி.மீ. பசிபிக்! நம் கிழக்குக் கரையில் திடீரென்று இலங்கை எஃப்.எம். பக்கத்து வீட்டிலிருந்து பாடுவதுபோல் கேட்பதிலும் இந்தக் காற்றுக்குப் பங்குண்டு.

சரி, உண்மையான குற்றவாளி? பெரும்பாலும் படகேதான். கார் ஆன்டெனா அந்தக் குச்சி மட்டுமில்லை; காரின் இரும்பு உடம்பும் சேர்ந்ததுதான் முழு ஆன்டெனா. அதையே ஃபைபர் படகில் திருகினால் பாதி ஆன்டெனாதான் மிஞ்சும்! இரும்புத் தளம் கேட்காத, அரை அலைநீளப் படகு ஆன்டெனா தனியே உண்டு. அதையும் இரும்பு அறைக்குள் மாட்டினால் வீண். இணைப்பில் உப்புநீர் இறங்கிக் களிம்பேறினாலும் வீண். 'வி.எச்.எஃப். ஆன்டெனா உச்சியில் சும்மாதானே நிற்கிறது' என்று அதில் ஸ்டீரியோவை நேராக இணைத்துவிடாதீர்கள்: வி.எச்.எஃப். தொடர்புக் கருவியில் பேசும்போது 25 வாட் வரை பாயும், ஸ்டீரியோ கருகிப்போகும்! அதற்கென்றே ஸ்ப்ளிட்டர் விற்கிறார்கள்.

அடுத்த சந்தேக ஆசாமி, எல்.இ.டி. விளக்கு! சில விளக்குகளின் உள்ளிருக்கும் மின்சுற்றே இரைச்சலை அலையாகக் கக்கும். வி.எச்.எஃப். தொடர்பையே இது கெடுக்கிறது என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-ல் எச்சரிக்கை வெளியிட்டது. சோதனைக்குக் காசே வேண்டாம். ஒரு சின்ன டிரான்சிஸ்டரை மத்திய அலையில், நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு விளக்கு, இன்வெர்ட்டர், சார்ஜர் என ஒவ்வொன்றாகப் போட்டு அணையுங்கள். எதைப் போடும்போது உறுமுகிறதோ அதுதான் ஆள்.

ஸ்பீக்கரை மாட்டும் இடத்திலும் கவனம் வேண்டும்: அதன் காந்தம் பக்கத்திலிருக்கும் காம்பஸ் முள்ளைத் திருப்பிவிடும், தெரியுமா? பாட்டு பிரமாதமாகக் கேட்கும். படகு வேறு ஊருக்குப் போகும்!

ஸ்டீரியோ ஒலிக்கு ஆசைப்படுவதும் ஒரு வினை. அலை பலவீனமான இடத்தில், ஸ்டீரியோவின் இரைச்சல் மோனோவைவிட சுமார் 20 டெசிபெல் கூடுதல். ஏறக்குறைய நூறு மடங்கு. மோனோ பொத்தான் இருந்தால் அமுக்கிப் பாருங்கள், செத்துக்கிடந்த பாட்டு எழுந்து உட்காரும்.

விண்ணிலிருந்தே பாட்டு இறக்கிய காலமும் இருந்தது. 2000-ல் ஏவிய ஆசியாஸ்டார் செயற்கைக்கோள் வழியே வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற வானொலிச் சேவை வந்தது; ஏ.ஆர். ரஹ்மான் அதன் தூதர். கோபுரமும் வேண்டாம், தொடுவானமும் குறுக்கே வராது. 2009 முடிவில் இந்தியச் சேவை நின்றது. வாங்கிய பெட்டிகள் ஊமையாயின. அடித்துக்கொண்டது மனசு!

இப்போது போனில் பாட்டை ஏற்றி, ஒயரால் ஸ்டீரியோவில் கோர்ப்பவர்கள்தான் அதிகம். அதிலும் ஒரு வேடிக்கை: இன்ஜினை முடுக்க முடுக்கப் பாட்டுக்குள் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம் கூடவே ஏறும். அது ஆல்டர்னேட்டரின் குரல்! சார்ஜரும் பாட்டு ஒயரும் ஒரே பேட்டரியின் எர்த்தில் சுற்றிக்கொள்வதால் வருவது. சார்ஜரைப் பிடுங்கினால் பெரும்பாலும் அந்தக் கணமே நின்றுவிடும்.